மதுரை வீட்டு மீன்குளத்துக்கு எந்த மாதம் என்ன பராமரிப்பு?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருநகர் பக்கம் வீட்டுக் கொல்லையில் பத்தடி நீளம், ஆறடி அகலம், மூன்றடி ஆழத்தில் சிமென்ட் குளம் கட்டி, கொய் என்கிற வண்ணக் கெண்டை இருபத்தைந்து, கோல்ட்ஃபிஷ் பதினைந்து விட்டிருக்கிறீர்கள். பங்குனி வரை பிரச்சினை இல்லை. சித்திரையில் தண்ணீர் பச்சையாகிவிட்டது. ஒரு சாயங்காலம் நல்ல கோடைமழை. மறுநாள் காலையில் பெரிய மீன்களாகப் பார்த்து ஆறு செத்து மிதந்தன, பொடி மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மொட்டைமாடிக் குழாய்த் தண்ணீரும் குளத்தில்தான் விழுகிறது. வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்தால் குளிர்காலத்தில் தீவனத்தை நிறுத்து, பனிக்கட்டியில் ஓட்டை போடு என்கிறார்கள். நம்ம ஊருக்கு என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரிய மீன் செத்துப் பொடி மீன் பிழைத்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே பாதிப் பதில் வந்துவிட்டது. தண்ணீரில் காற்று குறைந்தால் முதலில் போவது பெரிய மீன்தான். விஷமோ குளோரினோ என்றால் பொடிசுகள்தான் முந்திக்கொள்ளும். ஆகவே உங்கள் மீன்கள் செத்தது மூச்சுத் திணறி. மழை அதற்கு ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

எப்படி என்று பார்க்கலாம். 20 டிகிரியில் இருக்கும் நல்ல தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் ஏழரை. 35 டிகிரியில் 7-க்கும் கொஞ்சம் கீழே. சூடு ஏற ஏற இருப்பு குறைகிறது, அதே சூட்டில் மீனின் உடம்பு வேகமாக வேலை செய்வதால் தேவை கூடுகிறது. பச்சைத் தண்ணீர் என்பது கண்ணுக்குத் தெரியாத பாசி. பகலில் வெயில் படும்போது அதுவே ஆக்சிஜனை உண்டாக்கித் தரும். பொழுது சாய்ந்ததும் மீனோடு சேர்ந்து அதுவும் மூச்சு விட ஆரம்பிக்கும். அடியில் கிடக்கும் கழிவு, மிச்சத் தீவனம், அழுகின இலை இதையெல்லாம் தின்கிற கிருமிகளும் அதே காற்றைத்தான் எடுக்கின்றன. ராத்திரி முழுக்க இப்படிச் செலவழிந்து, காலை நாலரை மணியிலிருந்து ஆறு மணிக்குள் இருப்பு மிகக் குறைவாக நிற்கும். லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் கொய் திணறும். சாயங்காலமே மேகம் மூடிக்கொண்டால் பாசி கடைசி இரண்டு மூன்று மணி நேரம் உண்டாக்க வேண்டியது உண்டாகாது. போதாததற்குக் குளிர்ந்த மழைத்தண்ணீர் அடிக்குப் போய், அங்கே கிடந்த கெட்ட தண்ணீரையும் சேற்றையும் மேலே கிளப்பிவிடும். மாடியிலிருந்து இறங்கிய முதல் தண்ணீரில் புறா எச்சமும் புழுதியும் வேறு.

அதனால் சித்திரை, வைகாசியில் விடியுமுன் ஒரு தடவை குளத்தைப் பாருங்கள். டார்ச்சைச் சட்டென்று தண்ணீர் மேல் அடிக்காமல் பக்கவாட்டில் பிடியுங்கள். மீன்கள் அடியில் ஆங்காங்கே நின்றால் நல்லது. மேலே வந்து வாயைத் தண்ணீர் மட்டத்தில் வைத்து, உதட்டை நீட்டி நீட்டிக் காற்றைக் குடித்தால், குழாய்த் தண்ணீர் விழும் இடத்தில் கும்பலாக நின்றால், அந்த நிமிடமே காற்று கொடுக்க வேண்டும். வெயில் ஏறினதும் எட்டு மணிக்கு அவை சகஜமாகிவிடும். அதைப் பார்த்து எல்லாம் சரியாகிவிட்டது என்று விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. அடுத்த மேகமூட்டமான நாளில் மறுபடி அதே கதை.

காற்று கொடுப்பதற்குப் பெரிய செலவு இல்லை. ஒரு ஏர் பம்ப், காற்றைக் குமிழியாக விடுகிற ஏர் ஸ்டோன் கல் இரண்டு. கல்லை அடித்தரையில் படுக்கவைக்காமல் தரையிலிருந்து ஓர் அடி மேலே தொங்கவிடுங்கள். இல்லாவிட்டால் சேற்றைக் கிளறிக்கொண்டே இருக்கும். பகலில் மிச்சப்படுத்த வேண்டுமானால் நிறுத்துங்கள், ராத்திரி பத்து மணியிலிருந்து காலை எட்டு வரை ஓடியே ஆக வேண்டும். நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: பகலில் அழகுக்கு நீரூற்று ஓடும், படுக்கப் போகும்போது சத்தம் என்று அணைத்துவிடுவார்கள். கரண்ட் போனால் ஓடுவதற்கு பேட்டரி வைத்த சின்னப் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும். அதுவும் இல்லையா, வாளியில் மொண்டு மூன்றடி உயரத்திலிருந்து குளத்திலேயே ஊற்றுங்கள். கை வலிக்கும், ஆனால் மீன் பிழைக்கும்.

இப்போது வெளிநாட்டு வீடியோ விஷயம். கொய்யும் கோல்ட்ஃபிஷ்ஷும் கெண்டை இனம், குளிர்ந்த தண்ணீர்தான் அவற்றுக்குப் பிடிக்கும். அங்கே பனிக்காலத்தில் தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே போவதால் மீனுக்குச் செரிமானம் நின்றுவிடும், அதனால் தீவனத்தை நிறுத்துகிறார்கள். மதுரையில் மார்கழி ராத்திரிகூட 20 டிகிரியைச் சுற்றித்தான். இங்கே மீனுக்குச் சுகமான காலம் கார்த்திகையிலிருந்து மாசி வரை. கஷ்டகாலம் பங்குனிக் கடைசியிலிருந்து ஆனி வரை. அவர்கள் பனிக்கு எடுக்கிற ஜாக்கிரதையை நாம் வெயிலுக்கு எடுக்க வேண்டும்.

கோடையில் முதல் வேலை நிழல். குளத்தின் மேல் பாதியாவது மூடுகிற மாதிரி ஐம்பது சதவீதப் பச்சை வலை கட்டுங்கள், அதுவும் மேற்குப் பக்கம் சரிவாக இறங்கட்டும். நம் ஊரில் சுட்டுப் பொசுக்குவது மூன்று மணி வெயில்தான். அல்லி வைத்தால் இலை தண்ணீரை மூடும், பாசிக்கும் வெளிச்சம் குறையும். தொட்டியோடு வைத்து இறக்குங்கள், மண்ணின் மேல் கூழாங்கல் பரப்பிவிட்டால் கொய் நோண்டாது. ஆகாயத்தாமரை வேண்டாம். அது மொத்தக் குளத்தையும் மூடி, ராத்திரியில் காற்று உள்ளே போக வழியில்லாமல் செய்துவிடும்.

இரண்டாவது தீவனம். வெயில் உச்சத்தில் இருக்கும் நாட்களில் வழக்கமானதில் பாதி போதும். காலை எட்டரை, ஒன்பதுக்கு ஒரு வேளை, சாயங்காலம் நாலரைக்குள் ஒரு வேளை. ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு மட்டும். மிச்சத்தை வலையால் எடுத்துவிடுங்கள். பொழுது போனபின் போட்டால் செரிக்கும் நேரமும் காற்று குறையும் நேரமும் ஒன்றாக வந்து நிற்கும். அழகர் ஆற்றில் இறங்குகிற சமயம் வீடு நிறைய விருந்தாளி இருப்பார்கள், பிள்ளைகள் பொரியையும் முறுக்கையும் அள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கும். அந்த இரண்டு நாளும் தீவன டப்பாவை ஒளித்து வையுங்கள், பொரிப் பொட்டலத்தையும் சேர்த்து.

மூன்றாவது தண்ணீர், இதில்தான் நம்ம ஊர்க்காரர்கள் ஏமாறுகிறார்கள். கோடையில் குளம் தினமும் குறைகிறது, குறைந்ததைப் போர் தண்ணீரால் நிரப்புகிறோம், மட்டம் சரியாகத் தெரிகிறது. ஆனால் ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். உப்பும் சுண்ணாம்பும் குளத்திலேயே தங்குகிறது. மேலே ஊற்றும் ஒவ்வொரு வாளியோடும் இன்னும் கொஞ்சம் உப்பு சேருகிறது. ஆனி முடிவதற்குள் சுவரில் வெள்ளைக் கோடு விழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதனால் நிரப்பினால் மட்டும் போதாது. வாரம் ஒரு தடவை அடியிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள். எடுத்ததை வாழைக்கும் தென்னைக்கும் பாய்ச்சலாம், உரம் போட்ட மாதிரி.

போர் தண்ணீரை நேராகக் குளத்தில் விடாதீர்கள். நிலத்தடியிலிருந்து வரும்போது அதில் ஆக்சிஜன் மிகக் குறைவு. ஷவர் மாதிரிச் சிதறி விழுகிற மாதிரியோ, சாய்த்து வைத்த தகரத்தின் மேல் வழிந்து வருகிற மாதிரியோ விடுங்கள். கார்ப்பரேஷன் தண்ணீர் என்றால் குளோரின் இருக்கும். திறந்த தொட்டியில் ஒரு நாள் வெயிலில் வைத்துவிட்டு ஊற்றலாம், அவசரமென்றால் மீன் கடையில் கிடைக்கிற ஆன்டி குளோரின் சொட்டு மருந்து போதும். எதுவானாலும் விடியற்காலையிலோ சாயங்காலமோ மெதுவாக விடுங்கள். மத்தியானம் ஓவர்ஹெட் டேங்கிலிருந்து கொதிக்கிற தண்ணீரைத் திறந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

தண்ணீர் பச்சையாக இருப்பதே குற்றமில்லை. முழங்கை வரை கையைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். உள்ளங்கை மங்கலாகவாவது தெரிந்தால் பாசி அளவோடுதான் இருக்கிறது. விரலே தெரியவில்லை என்றால் அதிகம். மொத்தத் தண்ணீரையும் இறைத்துவிட்டுச் சுவரைத் தேய்த்துக் கழுவிப் புதிதாக நிரப்புவது மட்டும் கூடவே கூடாது. மீன் கழிவிலிருந்து வருகிற அம்மோனியாவைத் தின்று தீர்க்கும் நல்ல கிருமிகள் சுவரிலும் ஃபில்டரிலும்தான் குடியிருக்கின்றன. அவற்றைக் கழுவித் தள்ளிவிட்டால் அடுத்த சில வாரங்களுக்கு மீன் தன் கழிவிலேயே நிற்கும். நம்ம போர் தண்ணீர் பெரும்பாலும் காரத்தன்மை உள்ளது. பச்சைத் தண்ணீரில் மத்தியானம் பி.எச், அதாவது அந்தக் காரத்தின் அளவு, இன்னும் ஏறும். 30 டிகிரித் தண்ணீரில் பி.எச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது, 9-ஐத் தொட்டால் கிட்டத்தட்ட பாதி விஷமாகிவிடும். ஒரே கழிவு, ஒரே குளம், காலையில் ஒரு நிலை, மூன்று மணிக்கு வேறு நிலை. ஆகவே பச்சையைக் குறைக்க நிழல், தீவனக் குறைப்பு, வாராந்திரத் தண்ணீர் மாற்றம் இந்த மூன்றும் போதும். ஃபில்டர் பஞ்சைக் குளத்துத் தண்ணீரிலேயே அலசுங்கள், குழாயடிக்குக் கொண்டுபோகாதீர்கள். பாசி மருந்தை ஊற்றி ஒரே நாளில் பாசியைக் கொன்றால் அது அழுகும்போது காற்று மொத்தமும் போய்விடும். கோடையில் நான் அதைத் தொடவே மாட்டேன்.

ஆடிக் காற்று வந்ததும் பாதித் தலைவலி குறையும். காற்று தண்ணீரை அலசிக்கொண்டே இருப்பதால் மூச்சுப் பிரச்சினை அவ்வளவாக வராது. மேற்கு மலைக்கு இந்தப் பக்கம் நாம் இருப்பதால் மழையும் பெரிதாக இருக்காது. ஆனால் ஆவியாவது குறையாது, புழுதி கொட்டும், கொல்லையில் வேப்பமரம் இருந்தால் பழம் உதிரும். வேப்பம்பழம் குளத்தில் ஊறுவது மீனுக்கு ஆகாது, தினமும் வலையால் அரித்து எடுங்கள். வேலியில் அரளியோ திருகுகள்ளியோ இருந்தால் குளத்துப் பக்கம் சாயாமல் வெட்டிவிடுங்கள்; திருகுகள்ளிப் பால் மீனை மயக்கிப் பிடிக்கப் பயன்பட்ட சரக்கு. மழைக்கு முன் செய்ய வேண்டிய கொத்து வேலை எல்லாம் ஆவணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

என்ன கொத்து வேலை என்றால், முதலில் அந்த மாடிக் குழாயைத் திருப்பிவிடுங்கள். மழைத்தண்ணீர் வேண்டுமென்றால் இரண்டு மூன்று நல்ல மழை பெய்து மாடி கழுவினபின் திருப்பிக்கொள்ளலாம். உப்பேறின குளத்துக்கு அந்தத் தண்ணீர் மருந்து மாதிரி. இரண்டாவது, குளத்து விளிம்பு தரையிலிருந்து அரையடியாவது உயர்ந்திருக்க வேண்டும், வாசல் தண்ணீரும் சாக்கடைத் தண்ணீரும் உள்ளே வராதபடி. மூன்றாவது, விளிம்புக்கு அரையடி கீழே வழிந்தோடும் குழாய் ஒன்று, அதன் வாயில் கம்பி வலை. ஐப்பசியில் ஒரே ராத்திரியில் கொட்டுகிற மழைக்கு வலை இல்லாத குளத்திலிருந்து மீன் தெருவுக்கே போயிருக்கிறது.

புரட்டாசிக் கடைசியிலிருந்து கார்த்திகை வரை வடகிழக்குப் பருவமழை. நம் வருட மழையில் பெரும் பங்கு இதில்தான். இரண்டு மூன்று நாள் வெயிலே இல்லாமல் மூடிக்கொண்டிருந்தால் தீவனத்தை அறவே நிறுத்துங்கள். ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் கொய்க்கு ஒன்றும் ஆகாது. புயல் நாளில் கரண்ட் போகும், பேட்டரிப் பம்ப்பை முந்தின நாளே சார்ஜ் போடுங்கள். தேரைகள் வந்து கறுப்பு மணி கோத்த சரம் மாதிரி முட்டை இட்டுப் போகும், அதைக் குச்சியில் சுற்றி எடுத்துவிடலாம். தவளை தேடித் தண்ணீர்ப்பாம்பும் வரும். கட்டம் போட்ட உடம்பு, விஷமில்லை. ஆனாலும் கொல்லையில் நல்ல பாம்பும் உலாவும் காலம் அது, அடையாளம் தெரியாமல் கை வைக்காதீர்கள்.

டெங்கு வேலைக்கு வருகிறவர்கள் தொட்டியில் கொசு மருந்து ஊற்றுவார்கள். இதில் மீன் இருக்கிறது, புழு நிற்காது என்று காட்டிவிடுங்கள். பெரிய கொய் கொசுப்புழுவைச் சீந்தாது. அதற்குப் பத்துக் கப்பி மீன் விட்டுவைத்தால் போதும். கொசுவுக்குப் புகை அடிக்கிற வண்டி வரும் சத்தம் கேட்டால் குளத்தின் மேல் தார்ப்பாயை இழுத்துவிட்டு, ஏர் பம்ப்பைக் கொஞ்ச நேரம் அணையுங்கள், இல்லாவிட்டால் அது புகையை இழுத்துத் தண்ணீருக்குள் ஊதும். அந்தப் புகையில் இருக்கிற மருந்து பூச்சிக்கு எப்படியோ மீனுக்கும் அப்படித்தான். புகை கலைந்ததும் பம்ப்பைப் போட்டுவிடுங்கள். தீபாவளிக் காகிதமும் கரிமருந்தும் விழாமல் இருக்கவும் அதே தார்ப்பாய்.

மார்கழி, தை. மீன் நன்றாகத் தின்னும், நிறம் ஏறும். வருடத்தில் வளர்ச்சிக்குத் தீவனம் போட இதுதான் காலம். பகல் வெயில் ஏறினபின் இரண்டு வேளை தாராளமாகப் போடலாம். இந்தக் காலத்தில் வருகிற தொல்லை இரண்டு. ஒன்று வெள்ளைப்புள்ளி: ரவையைத் தூவின மாதிரி உடம்பிலும் துடுப்பிலும் புள்ளி, மீன் சுவரில் உரசிக்கொண்டே இருக்கும். தண்ணீர் திடீரென்று குளிர்கிற நாட்களில், பெரும்பாலும் கடையிலிருந்து புதிதாக வாங்கின மீனோடு வருகிறது. இன்னொன்று, மழை விட்டபின் கெண்டை இனத்துக்கு வரும் சிவப்புப் புண்.

வெள்ளைப்புள்ளிக்கு முதல் மருந்து கல்லுப்பு. அளவு தெரியாமல் போடக் கூடாது, அதற்குக் குளத்தின் கொள்ளளவு தெரிய வேண்டும். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அடியில் பெருக்கி 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர். உங்கள் குளம் விளிம்பு வரை 5,100 லிட்டர். அரையடி குறைத்து நிறுத்தினால் சுமார் 4,250. லிட்டருக்கு 3 கிராம் என்றால் பன்னிரண்டே முக்கால் கிலோ வரும். அதை மூன்று பங்காக்கி, நாளுக்கு ஒரு பங்காக வாளியில் கரைத்துச் சுற்றிலும் ஊற்றுங்கள். அல்லித் தொட்டியை முன்னதாக வெளியே எடுத்துவிடுங்கள், செடிக்கு அந்த உப்பு தாங்காது. உப்பு ஆவியாகாது என்பதால், ஆவியான தண்ணீருக்கு ஈடாக ஊற்றும்போது மறுபடி உப்புப் போட வேண்டாம். இரண்டு வாரம் கழித்துத் தண்ணீரை மாற்றி மாற்றிக் குறைத்துக்கொள்ளலாம். சிவப்புப் புண் ஆழமாக இருந்தால் அந்த மீனை உடனே தனித் தொட்டிக்கு மாற்றி, கால்நடை மருத்துவரையோ மீன்வளத் துறை ஆட்களையோ கேளுங்கள். கடைக்காரர் சொல்கிற ஆன்டிபயாட்டிக்கைக் குளத்தில் கொட்டினால் ஃபில்டர் கிருமியும் சேர்ந்து சாகும்.

பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடிக்கிறபோது குளத்தை முழுசாக மூடிவிடுங்கள். ஒரு மட்டை சுண்ணாம்பு தெறித்தாலே அந்த மூலையில் பி.எச் எகிறும், பிரஷ் கழுவின தண்ணீர் போனால் குளமே காலி. இதைப் பெயின்ட் வேலை செய்கிறவரிடம் வாயால் சொன்னால் போதாது, தார்ப்பாயை நீங்களே கட்ட வேண்டும்.

கொக்கும் மீன்கொத்தியும் வருடம் முழுக்க வரும் என்றாலும், கண்மாய்கள் வற்றுகிற மாசி, பங்குனியில் வீட்டுக் குளத்துக்கு அதிகம் வரும். நாரை ஒன்று ஈசனிடம் வரம் கேட்டதால்தான் பொற்றாமரைக் குளத்தில் மீனே கிடையாது என்று தலபுராணம் சொல்லும். நம்ம வீட்டுக்கு வருகிற மடையான் கொக்குக்கு அந்த வைராக்கியம் எல்லாம் இல்லை. குளத்தின் மேல் ஓர் அடி இடைவெளியில் நைலான் கயிறு குறுக்கும் நெடுக்கும் கட்டுங்கள், ஓரத்தில் அது இறங்கி நிற்கத் தோதான படி இருந்தால் எடுத்துவிடுங்கள்.

மாசியில் வேப்பிலை கொட்டி முடிந்ததும் வருடாந்திரச் சுத்தம். மேலூர்ப் பக்கம் கண்மாயில் தண்ணீர் வற்றினதும் ஊரே இறங்கி மீன் பிடித்துவிட்டு, சேறு வெயிலில் காய விட்டுவிடுவார்கள். அடுத்த மழைக்குள் அதன் கெட்டது எல்லாம் போய்விடும். சிமென்ட் குளத்தை அப்படிக் காய விட வழியில்லை, அதனால் அடிச்சேற்றைக் குழாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும். ஒரே நாளில் வேண்டாம், வாரத்துக்கு ஒரு மூலையாக நான்கு வாரம். அழுகின முட்டை நாற்றம் வந்தால் சேறு ஏற்கெனவே கெட்டுவிட்டது, அந்த இடத்தைக் கிளறாமல் மெதுவாக உறிஞ்சுங்கள், ஏர் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கட்டும். பச்சை வலை பங்குனி பிறக்குமுன் மேலே ஏறிவிட வேண்டும்.

கடைசியாக எண்ணிக்கை. வளர்ந்த கொய் ஒன்றுக்கு ஆயிரம் லிட்டர் என்பது கணக்கு. உங்கள் குளத்தில் கடைசி வரை தங்கக்கூடியது நான்கு கொய், அதோடு சில கோல்ட்ஃபிஷ். இப்போது விரல் நீளத்தில் இருப்பது இரண்டு வருடத்தில் ஓர் அடியைத் தாண்டும், அப்போது எத்தனை பம்ப் வைத்தாலும் சித்திரை ராத்திரியைத் தாங்காது. கூடுதலானதை இப்போதே இடம் உள்ளவர்களுக்குக் கொடுங்கள். வைகையிலோ கண்மாயிலோ தெப்பக்குளத்திலோ விட்டுவிடாதீர்கள். தொட்டி சுத்தம் செய்யும் என்று கடையில் தள்ளிவிடுகிற முள் உடம்புச் சக்கர் மீனையும் வாங்காதீர்கள். அது இப்படி வீட்டுத் தொட்டிகளிலிருந்து தப்பித்தான் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி, மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.